தவறு செய்யத் தெரிந்த வடிகட்டி

ஸ்பேம் மடல் ஒன்றுகூட நுழையாத இன்பாக்ஸ் வேண்டுமா? வருகிற மடல் எல்லாவற்றையும் அழித்துவிடும்படி ஒரே வரியில் நிரல் எழுதிவிடலாம். நல்ல மடல் ஒன்றுகூடத் தொலையாத இன்பாக்ஸ் வேண்டுமா? அது இன்னும் சுலபம். எதையும் அழிக்காமல் விட்டால் போதும். இரண்டும் ஒருசேர வேண்டும் என்று கேட்கும்போதுதான் கணினி அறிவியலுக்கு வேலை வருகிறது.

ஸ்பேம் வடிகட்டி இரண்டு விதமாகத் தவறு செய்யலாம். குப்பையை நல்லது என்று உள்ளே விடலாம். நல்லதைக் குப்பை என்று பிடித்துவைக்கலாம். முதல் தவறால் நமக்கு நஷ்டம் இரண்டு வினாடி எரிச்சல். இரண்டாவது தவறால் நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு போகலாம், மருத்துவப் பரிசோதனை முடிவு போகலாம். ஆகவே ஒரு வடிகட்டி எத்தனை சதவீதம் ஸ்பேமைப் பிடிக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், அது எந்த மாதிரித் தவறு செய்கிறது என்று கேட்க வேண்டும். கடந்த கால் நூற்றாண்டில் இந்தத் துறையில் வந்த நல்ல யோசனைகள் பலவும் இந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்ட பதில்கள்தான்.

யார் பெயரையும் எழுதலாம்

1978 மே 3 அன்று, டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி தூர்க், இன்றைய இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பவைத்தார். கலிஃபோர்னியாவில் தங்கள் புதிய கணினியைச் செய்து காட்டப்போகிறோம், வந்து பாருங்கள் என்பது செய்தி. முகவரிகள் அளவுக்கு மீறிப்போனதால் மிஞ்சியவை மடலின் உடலுக்குள்ளேயே வழிந்துவிட்டன. வலையமைப்பை நடத்திவந்த அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அமைப்பு கண்டித்தது. கேளாமல் வந்த முதல் மொத்த விளம்பர மின்னஞ்சல் என்று இதைத்தான் பொதுவாகச் சொல்கிறார்கள்.

கண்டிக்க முடிந்தது என்பதைக் கவனியுங்கள். அனுப்பியவர் யார், அவருடைய மேலதிகாரி யார் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சிறிய உலகத்தின் நம்பிக்கைதான் 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதி வெளியிட்ட எஸ்எம்டிபி என்ற மின்னஞ்சல் விதிமுறையில் பதிந்தது. ஒரு சர்வர் இன்னொரு சர்வரை அழைத்து, ‘இன்னாரிடமிருந்து மடல் கொண்டுவந்திருக்கிறேன்’ என்று சொல்லும். கேட்கிற சர்வர் அதை நம்பி வாங்கிக்கொள்ளும். சொல்லப்பட்ட பெயர் உண்மையா என்று சோதிக்க அந்த விதிமுறையில் வழியே கிடையாது. சில நூறு கணினிகள் இருந்த காலத்தில் அது குறையாகவும் தெரியவில்லை. இன்று உங்கள் வங்கியின் பெயரில் மோசடி மடல் வருகிறதென்றால் அதன் வேர் இங்கே இருக்கிறது.

வேரின் இன்னொரு கிளை காசு. காகிதத் தபாலில் ஒவ்வொரு உறைக்கும் அனுப்புகிறவர் தபால்தலை ஒட்ட வேண்டும். மின்னஞ்சலில் ஒரு மடலுக்கும் ஒரு லட்சம் மடலுக்கும் அனுப்புகிறவருக்குச் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. படிக்கிற நேரமும் சேமிக்கிற இடமும் பெறுகிறவர் கணக்கில் விழுகின்றன. இதை நேர்செய்ய 1992இல் சிந்தியா துவார்க், மோனி நாவோர் என்ற இரு கணினி அறிவியலாளர்கள் ஒரு யோசனை சொன்னார்கள்: ஒவ்வொரு மடலுக்கும் அனுப்புகிற கணினி ஒரு சிறு கணக்கைப் போட்டுக் காட்டட்டும். பத்து மடல் அனுப்புகிறவருக்கு அது உறைக்காது, பத்து லட்சம் அனுப்புகிறவரின் கணினி திணறும். 1997இல் ஆடம் பேக் இதே வழியில் ஹேஷ்கேஷ் என்ற முறையை உருவாக்கினார். மின்னஞ்சலில் அது பரவவில்லை. ஆனால் பிட்காயினை அறிமுகம் செய்த கட்டுரை ஹேஷ்கேஷைப் பெயர் சொல்லியே எடுத்தாள்கிறது. ஸ்பேமைத் தடுக்கப் பிறந்த யோசனை நாணயம் அச்சிடப் போய்விட்டது.

பட்டியலும் புள்ளியும்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஸ்பேம் பெருகியபோது முதலில் கைக்கு வந்தவை கறுப்புப் பட்டியல்கள். ஸ்பேம் அனுப்பும் கணினிகளின் ஐபி எண்களைத் தொகுத்து, மடல் வந்து கதவைத் தட்டும்போதே அந்தப் பட்டியலோடு ஒப்பிடுவது. பால் விக்ஸி குழுவினர் 1997இல் இப்படி ஒன்றைத் தொடங்கினார்கள். 1998இல் தொடங்கிய ஸ்பேம்ஹவுஸ் இன்றும் இயங்குகிறது.

அடுத்து வந்தவை விதிகள். தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் இருந்தால் இவ்வளவு புள்ளி, ‘இலவசம்’ என்றிருந்தால் இவ்வளவு, தேதி எதிர்காலத்தில் இருந்தால் இவ்வளவு என்று கூட்டிக்கொண்டே போய், மொத்தம் ஒரு வரம்பைத் தாண்டினால் ஸ்பேம். 2001இல் வந்த ஸ்பேம்அசாசின் என்ற திறமூல மென்பொருள் இந்த வகையில் புகழ்பெற்றது. அதன் வழக்கமான வரம்பு 5 புள்ளிகள்.

விதிகளுக்கு இரண்டு பலவீனங்கள். அவை பொதுவில் கிடைப்பவை. ஸ்பேம் அனுப்புகிறவர் அதே மென்பொருளை இறக்கி, தன் மடலை அதில் ஓட்டிப் பார்த்து, 4.9 வரும்வரை திருத்திவிட்டு அனுப்பலாம். இரண்டாவது பலவீனம் இன்னும் ஆழமானது. விதி எழுதுகிறவர் ஸ்பேமை மட்டுமே உற்றுப் பார்த்து எழுதுகிறார். உங்களுக்கு வருகிற நல்ல மடல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. சிறுநீரியல் மருத்துவருக்கு வயாகரா என்ற சொல் அன்றாடச் சொல். விதிக்கு அது குற்றம்.

சொல்லுக்கு ஒரு சாட்சியம்

நல்ல மடலையும் பார்த்தால் என்ன ஆகும்? 1998இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவையும் ஸ்டான்ஃபோர்டையும் சேர்ந்த மெஹ்ரான் சஹாமி, சூசன் டுமெய்ஸ், டேவிட் ஹெக்கர்மன், எரிக் ஹார்விட்ஸ் ஆகியோர் ஓர் ஆய்வுக் கட்டுரையில் இதைச் செய்து காட்டினார்கள். அவர்கள் கையில் எடுத்த கருவி 18ஆம் நூற்றாண்டுச் சரக்கு. தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் எழுதிவைத்து, அவர் 1761இல் இறந்தபின் நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் 1763இல் வெளியிட்ட நிகழ்தகவுத் தேற்றம்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். உங்களிடம் 1000 ஸ்பேம் மடல்களும் 1000 நல்ல மடல்களும் தனித்தனியாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘பரிசு’ என்ற சொல் ஸ்பேமில் 200 மடல்களிலும் நல்லவற்றில் 10 மடல்களிலும் வருகிறது. அப்படியானால் ‘பரிசு’ இருக்கும் மடலில் ஸ்பேமுக்கும் நல்லதுக்கும் உள்ள விகிதம் 20க்கு 1. ‘ஆடிட்டர்’ என்ற சொல் ஸ்பேமில் 1 மடலிலும் நல்லவற்றில் 60 மடல்களிலும் வருகிறது. விகிதம் 1க்கு 60. இப்போது இரண்டு சொற்களும் சேர்ந்து ஒரு புதிய மடல் வருகிறது. இரண்டையும் பெருக்குங்கள்: 20க்கு 60, அதாவது 1க்கு 3. ஸ்பேமாக இருக்க 25% வாய்ப்பு. மடலில் ‘பரிசு’ இருந்தும் அது தப்பித்துவிடுகிறது. பரிசுத் தொகைக்கு வரி எப்படிக் கட்டுவது என்று உங்கள் ஆடிட்டர் எழுதியதாகவே இருக்கலாம்.

எந்தச் சொல்லும் தனியாகத் தீர்ப்பு எழுதுவதில்லை என்பதுதான் இதன் அழகு. ஒவ்வொன்றும் தன் பங்குக்குச் சாட்சி சொல்கிறது. பெருக்கல் அவற்றைச் சேர்க்கிறது.

இந்தப் பெருக்கலில் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. சொற்கள் ஒன்றையொன்று சாராமல் வருகின்றன என்று அது எடுத்துக்கொள்கிறது. ஆனால் ‘லாட்டரி’ வந்த இடத்தில் ‘பரிசு’ வருவது இயல்பு. ஒரே சாட்சியை இரண்டு முறை கூண்டில் ஏற்றியதுபோல் ஆகிறது. அதனால் விடைகள் 99.99%, 0.01% என்று இரு கோடிகளுக்கும் ஓடும். அந்த எண்களை அப்படியே நம்பக் கூடாது. ஆனால் வடிகட்டிக்குத் தேவை துல்லியமான எண் அல்ல, மடல் எந்தப் பக்கம் என்பது மட்டும்தான். அது பெரும்பாலும் சரியாகவே வருகிறது. இந்த அப்பாவித்தனமான அனுமானத்தால்தான் இந்த முறைக்கு நயீவ் பேய்ஸ் என்று பெயர்.

இரண்டால் பெருக்கிய கவலை

கட்டுரையாக இருந்ததை மக்கள் கையில் கொண்டுசேர்த்தவர் பால் கிரஹாம் என்ற நிரலாளர். 2002 ஆகஸ்டில் அவர் வெளியிட்ட கட்டுரை, ஸ்பேம் வடிகட்டி எழுதுகிறவர்களுக்குப் பாலபாடம் ஆனது. தனக்கு வந்த மடல்களில் நல்லவை சுமார் 4000, ஸ்பேம் சுமார் 4000 எடுத்து, சொற்களை எண்ணவைத்தார். மடலின் உடலை மட்டுமல்லாமல் தலைப்பகுதியையும் உள்ளே மறைந்திருக்கும் எச்டிஎம்எல் குறிகளையும் எண்ணினார். கண்ணைப் பறிக்கும் சிவப்பு நிறத்துக்கான எஃப்எஃப்0000 என்ற குறி, ஆபாசச் சொற்களுக்கு இணையாக ஸ்பேமைக் காட்டிக்கொடுத்தது. எந்த மனிதரும் இப்படி ஒரு விதியை யோசித்து எழுதியிருக்க மாட்டார்.

அவருடைய நிரலில் இருந்த சில எண்களைப் பாருங்கள். நல்ல மடலில் ஒரு சொல் வந்த எண்ணிக்கையை 2ஆல் பெருக்கிக்கொண்டார். முன்பின் பார்த்திராத சொல்லுக்கு 0.5க்குப் பதில் 0.4 மதிப்பு கொடுத்தார். அதாவது தெரியாதவர் மீது சற்று நல்லெண்ணம். மடலில் மிகத் தீவிரமாகச் சாட்சி சொல்லும் 15 சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டார். விடை 0.9ஐத் தாண்டினால்தான் ஸ்பேம். இந்த 2க்கும் 0.4க்கும் தேற்றத்தில் இடமே இல்லை. நல்ல மடல் தொலைந்துவிடக் கூடாதே என்ற கவலைக்கு அவர் கொடுத்த எண் வடிவம் அவை. 1000 ஸ்பேமில் 5க்கும் குறைவானவையே தப்பின, நல்ல மடல் ஒன்றுகூடப் பிடிபடவில்லை என்று அவர் எழுதினார்.

அதே ஆண்டில் தொடங்கிய ஸ்பேம்பேய்ஸ் என்ற திறமூலத் திட்டம் இன்னொரு படி போனது. கேரி ராபின்சன் திருத்தித் தந்த கணக்குமுறையை வைத்து, நல்லது, ஸ்பேம் என்ற இரண்டோடு ‘சொல்லத் தெரியவில்லை’ என்று மூன்றாவது கூடை வைத்தது. தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் வடிகட்டி, கண்டபடி ஊகிக்கும் வடிகட்டியைவிடப் பயனுள்ளது.

இவை வேலை செய்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. ஸ்பேம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். நல்ல மடல் ஆளுக்கு ஆள் வேறு. உங்கள் ஊர், உங்கள் தொழில், சித்தப்பா பெயர், அலுவலகத்தில் புழங்கும் சுருக்கெழுத்துகள் ஆகியவை ஸ்பேம் அனுப்புகிறவருக்குத் தெரியாது. அவர் அகராதியிலிருந்து சம்பந்தமில்லாத சொற்களை அள்ளி மடலின் அடியில் வெள்ளை எழுத்தில் தூவிப் பார்த்தார். உங்கள் மடல்களில் வராத சொற்கள் உங்கள் வடிகட்டியிடம் வலுவான நற்சாட்சி சொல்வதில்லை. ஆங்கிலத்தில் எழுதும் ‘வயாகரா’வில் ஐ எழுத்துக்குப் பதில் 1 போட்டுப் பார்த்தார், நல்ல மடலில் அப்படி எழுதுகிறவரே இல்லாததால் அந்தச் சொல் முன்னைவிட மோசமாகக் காட்டிக்கொடுத்தது. பிறகு வாசகத்தையே படமாக்கி அனுப்பும் உத்தி 2006 வாக்கில் பெருகியது. எண்ணுவதற்குச் சொல்லே இல்லாததால் அது சில காலம் உண்மையிலேயே தொல்லை கொடுத்தது.

தமிழில் எழுதினால்

ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதிய சொல்லெண்ணி தமிழ் மடலைக் கண்டால் தடுமாறும். பணம், பணத்தை, பணத்துக்கு, பணத்தோடு, பணமும், பணமாக: நமக்கு ஒரே சொல்லின் வடிவங்கள், இடைவெளியை வைத்துப் பிரிக்கும் நிரலுக்கு ஆறு தனிச் சொற்கள். சாட்சியம் ஆறாகச் சிதறுவதால் எதற்கும் போதிய எண்ணிக்கை சேராது. இதைவிட வேடிக்கை, புள்ளியையும் துணைக்குறிகளையும் எழுத்தாகக் கருதாத நிரல்களில் நடக்கும். யூனிகோடில் அவை தனிக் குறிகள் என்பதால், ‘பணத்தை’ என்பது ‘பணத’ என்றும் ‘த’ என்றும் இரண்டாக உடைந்து போகும்.

சொல்லை விட்டுவிட்டு மூன்று நான்கு குறிகள் கொண்ட துண்டுகளாக மடலை வெட்டி எண்ணுவது ஒரு தீர்வு. எல்லா வேற்றுமை வடிவங்களிலும் சொல்லின் முன்பாதித் துண்டு பொதுவாக இருக்குமே. ஒரே சொல்லை ரோமன் எழுத்தில் மூன்று பேர் மூன்று விதமாக எழுதுகிற நம் வழக்கத்துக்கும் இதுவே ஓரளவு கைகொடுக்கும்.

தனிப்பட்ட வடிகட்டியில் இன்னொன்றும் நடக்கலாம். ஒருவருக்கு இதுவரை வந்த ஸ்பேம் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தால், அவருடைய வடிகட்டி தமிழ் எழுத்தையே நல்ல மடலின் அடையாளமாகப் படித்துக்கொண்டுவிடும். முதல் தமிழ் மோசடி மடல் வருகிற நாளில் அது ராஜமரியாதையோடு உள்ளே போகும். பார்த்ததிலிருந்து மட்டுமே கற்கும் எந்த இயந்திரத்துக்கும் உள்ள எல்லை இது.

ஒன்றேகால் கோடிக்கு ஒருவர்

யாராவது வாங்குவதால்தானே அனுப்புகிறார்கள்? எத்தனை பேர்? சான் டியேகோ, பெர்க்லி ஆகிய கலிஃபோர்னியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் இதை அளந்து 2008இல் வெளியிட்டார்கள். ஸ்டார்ம் என்ற பாட்நெட், அதாவது வைரஸ் தொற்றி அடிமையான கணினிகளின் கூட்டம், அனுப்பிய மருந்து விளம்பரங்களுக்குள் ஊடுருவி, சுட்டிகளைத் தங்கள் போலிக் கடைக்குத் திருப்பினார்கள். 26 நாட்களில் ஏறத்தாழ 35 கோடி மடல்கள் போயின. வாங்க முன்வந்தவர்கள் 28 பேர். கணக்குப் போட்டால் ஒன்றேகால் கோடி மடலுக்கு ஒருவர்.

இவ்வளவு மெலிந்த லாபத்தில் ஓடும் தொழிலில் வடிகட்டி என்பது ஒரு வரி. கொஞ்சம் கூடினாலும் பலருக்குக் கட்டுப்படியாகாது. இந்தத் தொழில் சில இடங்களில் குவிந்திருந்ததும் அந்த ஆண்டே வெளிப்பட்டது. 2008 நவம்பர் 11 அன்று மெக்கோலோ என்ற சான் ஹோசே நிறுவனத்தின் இணைய இணைப்பைத் துண்டித்தார்கள். பல பாட்நெட்டுகளின் கட்டுப்பாட்டு சர்வர்கள் அங்கேதான் இருந்தன. ஒரே இரவில் உலக ஸ்பேம் பாதிக்கும் கீழே விழுந்தது. பிறகு சில மாதங்களில் வேறு இடம் தேடி மீண்டும் ஏறியது.

மோசடிக்காரருக்கும் இதே வடிகட்டிக் கணக்கு உண்டு என்பதை மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கோர்மக் ஹெர்லி 2012இல் காட்டினார். நைஜீரிய இளவரசரின் கோடிக்கணக்கான டாலர் கதை ஏன் இன்னும் அப்படியே, நம்பவே முடியாதபடி வருகிறது? மடல் அனுப்பச் செலவில்லை. பதில் போட்டவரோடு வாரக்கணக்கில் பேசி மசியவைக்கத்தான் உழைப்பு. பதில் போட்டுவிட்டுப் பாதியில் சுதாரித்துக்கொள்கிறவர்தான் மோசடிக்காரருக்கு நஷ்டம். ஆகவே எடுத்த எடுப்பிலேயே சிரிப்பு வரும்படி எழுதினால், சிரிக்கிறவர்கள் தாமே விலகிவிடுவார்கள். எஞ்சுகிறவர்கள் கடைசிவரை வருவார்கள். அவருக்கும் எந்தத் தவறு அதிக விலை என்று தெரிந்திருக்கிறது.

சொல்லிலிருந்து ஆளுக்கு

இன்றைய பெரிய மின்னஞ்சல் சேவைகள் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு, யார் எழுதியது என்பதையும் பார்க்கின்றன. 1982இல் விட்டுப்போன அடையாளச் சோதனையை மூன்று ஒட்டுகளால் சரிசெய்திருக்கிறார்கள். என் டொமைன் பெயரில் இந்த சர்வர்கள்தான் மடல் அனுப்பலாம் என்று அறிவிப்பது எஸ்பிஎஃப். மடலில் டிஜிட்டல் கையெழுத்து இடுவது டிகேஐஎம். இவை இரண்டையும் நம் கண்ணில் படும் அனுப்புநர் முகவரியோடு பொருத்தி, பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். மூன்றும் தேறிய மடல் நேர்மையானது என்று அர்த்தமில்லை. வங்கியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி டொமைன் வாங்கியவரும் மூன்றிலும் தேறலாம். மடல் எந்த டொமைனிலிருந்து வந்தது என்பதைத்தான் அவை உறுதிசெய்கின்றன.

அடையாளம் உறுதியானபின் நற்பெயரை அளக்கலாம். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5000க்கு மேல் அனுப்புகிறவர்கள் இந்த மூன்றையும் வைத்திருக்க வேண்டும். ஸ்பேம் என்று புகார் வரும் விகிதம் 0.3%ஐ எட்டக் கூடாது. 1000 பேரில் 3 பேர் பொத்தானை அழுத்தினால் ஆபத்து. நரம்பு வலையமைப்புகளும் சேர்ந்த தன் வடிகட்டியைப் பற்றி கூகுள் 2015இல் சொன்ன கணக்கு: சராசரி இன்பாக்ஸில் ஸ்பேம் 0.1%க்கும் குறைவு, ஸ்பேம் பெட்டிக்குத் தவறிப்போகும் நல்ல மடல் 0.05%க்கும் குறைவு. இரண்டாவது எண் முதலாவதைவிடச் சிறியதாக இருப்பது தற்செயல் அல்ல.

இதில் கைவிட்டுப் போனதும் ஒன்று உண்டு. கிரஹாமின் நிரல் அறிமுகமில்லாத சொல்லுக்கு 0.4 கொடுத்து வரவேற்றது. இன்றைய அமைப்பு அறிமுகமில்லாத சர்வரைச் சந்தேகத்தோடு பார்க்கிறது. புதிதாகச் சொந்த சர்வர் வைத்து மடல் அனுப்பும் சிறு அமைப்பு, எந்தக் குற்றமும் செய்யாமலே ஸ்பேம் பெட்டியில் விழுகிறது.

உங்கள் பங்கு

ஆகவே ‘ஸ்பேம்’ என்று புகார் செய்யும் பொத்தானை யோசித்து அழுத்த வேண்டும். நீங்களே பதிவு செய்து, இப்போது அலுத்துப்போன கடை மடலென்றால் சந்தாவை நீக்குங்கள். ஸ்பேம் என்று குறித்தால் அது விரும்பிப் படிக்கிற மற்றவர்களுக்கும் போகாமல் போகலாம். முன்பின் தெரியாதவரின் மடலில் உள்ள நீக்கும் சுட்டியைத் தொடாதீர்கள். முகவரியில் ஆள் இருக்கிறார் என்ற தகவலை அது அவருக்குக் கொடுத்துவிடும். மடலில் உள்ள படங்கள் தாமாக இறங்குவதை நிறுத்திவைப்பதும் இதற்காகத்தான். கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியளவு படமே நீங்கள் திறந்ததை அனுப்பியவருக்குச் சொல்லிவிடும். ஜிமெயில் போன்ற சேவைகளில் பெயருக்குப் பின்னால் கூட்டல் குறி போட்டு ஒரு சொல்லைச் சேர்த்துக் கடைக்குக் கடை வேறு முகவரி கொடுக்கலாம். எந்தக் கடை வழியாகக் கசிந்தது என்று பிறகு தெரியும்.

வாரம் ஒருமுறையாவது ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள். உள்ளே நுழைந்த ஸ்பேம் கண்ணில் படும், உடனே குறித்துவிடுவோம், வடிகட்டி கற்றுக்கொள்ளும். பிடிபட்ட நல்ல மடல் கண்ணிலேயே படாது. வராத மடலைப் பற்றி யார் புகார் செய்வார்? இரண்டு தவறுகளில் விலை அதிகமானது எதுவோ, அதைப் பற்றித்தான் வடிகட்டிக்கு மிகக் குறைவாகத் தகவல் போகிறது. ஜிமெயில் ஸ்பேம் பெட்டியில் விழுந்த மடலை 30 நாள் வைத்திருந்துவிட்டு அழிக்கிறது. அதற்குள் ஒருமுறை ‘ஸ்பேம் அல்ல’ என்று அழுத்துவது, ‘ஸ்பேம்’ என்று நூறு முறை அழுத்துவதைவிட அதற்குப் பெரிய பாடம்.